பதினொரு நிமிடம்

பெல்ட் நின்றபோது மணி பத்து இருபத்து மூன்று.
உறுதியாகத் தெரியும், எழுதிவைத்தேன்.

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில் பிப்ரவரி.
வெளியே பனியா மழையா என்று
முடிவெடுக்க முடியாமல் ஏதோ ஒன்று பெய்தது.
உள்ளே ஆறு பேர், ஆறு கத்தி,
தலை போன சால்மன்கள்
வயிறு திறந்தபடி வரிசையில்.

மோர்தான் முதலில் பெல்ட்டை உதைத்தான்.
எது நின்றாலும் அவனுக்கு ஆகாது,
லிஃப்ட் ஆனாலும் சரி, எதிராளியின் பேச்சானாலும் சரி.
மோட்டார் மூடியைத் திறந்து
உள்ளே கண்டதையெல்லாம் திட்டினான்.

துரி கத்தியைத் தீட்டினாள்,
ஏற்கெனவே கூராக இருந்த கத்தியை.
கை சும்மா இருந்தால்
தலை வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பாள்.

காதடைப்பானைக் கழற்றியதும் ரன்வா பேச ஆரம்பித்தாள்.
போன வாரம் கையெழுத்தான விவாகரத்து:
நாய் அவனுக்காம், படகு வங்கிக்காம்.
சிரித்தோம்.
நாங்கள் நிறுத்திய பிறகும்
அவள் கொஞ்ச நேரம் சிரித்தாள்.

மரிவிக் யாரையும் கேட்கவில்லை.
ஐஸ் வாளியைத் தூக்கிவந்து
குழந்தைக்குப் போர்த்துவதுபோல் மீன் மீனாய் மூடினாள்.
இதே பொறுமைதான்
வியாழக்கிழமை அவசர ஆர்டரில் என் உயிரை வாங்கும்.
ஒரு முள் மிச்சமிருந்தாலும் விடமாட்டாள்,
லாரி போனால் போகட்டும்.

ஹேயினுக்குப் பத்தொன்பது வயது, இது மூன்றாவது வாரம்.
கத்தி கையில், கை காற்றில்.
பெல்ட்டோடு சேர்த்து
அவனையும் யாரோ அணைத்துவிட்டார்கள்.

யேக்வான் புகைக்கப் போயிருந்தான்.
ஆறாவது நிமிடம் திரும்பிவந்து
கையுறை மாட்டிக்கொண்டே சொன்னான்:
"கம்ப்ரஸர் சத்தமே இல்லை. காற்றுக்குழாய்தான்.
மோட்டாரை விடு."
எப்போது தெரிந்தது உனக்கு?
"கதவைத் திறந்ததும்."
அப்போதே சொல்வதற்கென்ன?
"யாரும் கேட்கவில்லையே."

குழாய் கழன்றிருந்தது. மாட்டினார்கள்.
பத்து முப்பத்து நான்கு.
பன்னிரண்டு நீலக் கையுறைகள்
மறுபடி ஒரே வேகத்தில்.
மேலே கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவருக்கு
அவ்வளவுதான் தெரியும்.

மதியம் தலைமையகம் அனுப்பிய படிவம்.
முன்முயற்சி. ஒத்துழைப்பு. நெருக்கடியில் நிதானம்.
ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்.
யேக்வானுக்கு ஐந்து போட்டேன்,
அழித்துவிட்டு ஒன்று போட்டேன்,
அதையும் அழித்தேன். தாள் மெலிந்துபோனது.
நிதானம் இருந்ததா? இருந்தது,
ஒரு சிகரெட் நீளத்துக்கு.
மோர்தானின் முன்முயற்சி முழுசாக ஐந்து,
திறந்த மூடிதான் தவறு.
ரன்வாவின் சிரிப்பை எந்தக் கட்டத்தில் போட?

போன வருடம் என்னைப் பற்றி மேலாளர் எழுதியிருந்தார்:
'சுன்வா, நேரத்தைச் சரியாகக் குறிக்கிறார். நான்கு.'

அப்பாவின் படகு திரும்பும் நேரத்தைச்
சமையலறைச் சுவரில் எழுதும் பிள்ளையாக இருந்தேன்.
ஓர் இரவு பென்சிலோடு விடியும்வரை நின்றேன்.
வந்துவிட்டார். இன்ஜின் கோளாறாம்.
காலை உணவில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.
இன்றும் எந்த இயந்திரம் நின்றாலும்
என் கை பென்சிலைத் தேடுகிறது.
இதற்கு நான்கு.

செவ்வாய்க்கிழமை மறுபடி நின்றது.
மோர்தான் உதைத்தான்.
ஹேயின் கத்தியைப் பலகையில் வைத்தான்,
மரிவிக்கைப் பார்த்தான்,
வாளி எங்கே என்று கேட்டான்.
யேக்வான் கதவைத் திறந்து,
ஒரு கணம் காது கொடுத்து,
"காற்று இருக்கிறது, இது மின்சாரம்" என்று
முதுகைக் காட்டியபடியே சொல்லிவிட்டுப்
புகைக்கப் போனான்.

இந்த முறை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை
என்று சொல்ல ஆசைதான்.

இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.