மாடிப்படி விளக்கு

லாகோஸில் மின்சாரம் போகும்போது
சொல்லிக்கொண்டு போவதில்லை.
போன பின் பதினொரு வினாடி.
பிறகு என் ஜெனரேட்டர் எழுந்து இருமும்.

யாபாவில் ஐந்து மாடி.
மாடிக்கு ஆறு கம்பெனி,
கம்பெனிக்கு நான்கு நாற்காலி,
ஐந்தாவது ஆள் ஜன்னல் விளிம்பில்.
நான் தரைத்தளம். டீசல் ஊற்றுபவன்.
பெயர் மவுத்தின். யாரும் கேட்பதில்லை.
"ஜென்" என்று கத்தினால் திரும்புவேன்.

எந்தக் கம்பெனி பிழைக்கும் என்று
பேப்பர்காரர்கள் மேலே போய்க் கேட்கிறார்கள்.
என் நோட்டைப் பார்த்திருக்கலாம்.
இரவு இரண்டு மணிக்கு லிட்டர் ஏறினால்
யாரோ எதையோ சரிசெய்கிறார்கள்.
பகலில் மட்டும் ஏறினால்
ஏசி.

மூன்றாம் மாடியில் ஐபிசோவும் நோசாகாரேயும்
மீன் விலை சொல்லும் ஒன்றைச் செய்தார்கள்.
எப்பே, பதாக்ரி, மக்கோகோ,
எந்தக் கரையில் கத்தாளை என்ன விலை
விடியுமுன்னே போனுக்கு வரும்.
சோதித்துப் பார்க்க ஒரு மீன்காரி வேண்டும் என்றார்கள்.
என் மனைவி செனாமி கூடையோடு மாடி ஏறினாள்.
இரண்டாம் மாடிக்காரர்கள் ஒரு வாரம் ஜன்னலை மூடவில்லை.
படத்தையெல்லாம் எடுத்துப்போடு, என்றாள்,
என் விரல் எப்போதும் ஈரம்,
திரைக்கு என்னை அடையாளம் தெரியாது.
எண்ணை மட்டும் அனுப்பு.
ஐபிசோ ஆறு மாத வேலையை
அன்று மாலையே அழித்தாள்.

ஆம்ஸ்டர்டாம் பணக்காரர் திரையில் வந்த நாள்
மின்சாரம் போனது. அதுகூடப் பரவாயில்லை.
குழாயில் காற்று.
பதினொன்று, இருபது, எழுபது.
வாய் வைத்து உறிஞ்சினேன்,
நாக்கில் மூன்று நாள் டீசல்.
நான்கு நிமிடம் கட்டடமே மூச்சைப் பிடித்து நிற்க
காயல் தண்ணீர் கேட்டது,
பாலத்தின் மேல் டன்ஃபோ பஸ்களின் ஹாரன்.
ஐபிசோ மட்டும்
போன் வெளிச்சத்தை முகத்துக்குப் பிடித்துக்கொண்டு
விடாமல் பேசினாளாம்,
வாய் திறந்தபடி லேப்டாப்பில் உறைந்துபோன ஒரு மனிதரிடம்.
நான் எஞ்சினை எழுப்பிய அதே நொடியில்
மின்சாரமும் வந்தது.
"அப் நேப்பா!" என்று தெருவே கூவியது.
எனக்கில்லை.

பணம் வரவில்லை.
டீசலால்தான் என்று யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும்.

எட்டு மாதம் இழுத்தார்கள்.
நோசாகாரே தீவில் ஒரு வங்கிக்குப் போனான்.
ஐபிசோ போர்ட் ஹார்கோர்ட்டில்
மறுபடி ஏதோ தொடங்கியிருக்கிறாளாம்,
இந்த முறை நண்டு.
பெயர்ப்பலகையைக் கழற்றியது நான்தான்.
அதே ஆணியில் இப்போது
வீடு தேடி முடிதிருத்துபவரை அனுப்பும் கம்பெனி தொங்குகிறது.

ஆனால் இன்றும் நாலு மணிக்கு
செனாமியின் தலைமாட்டில் போன் அதிர்கிறது.
எப்பேயில் இவ்வளவு. பதாக்ரியில் இவ்வளவு.
கம்பெனி மூடிய சேதியை
யாரும் சொல்லாததால்
மூன்று கரைகளிலிருந்து மூன்று பெண்கள்
விலை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.
நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாங்கிக்கொள்கிறார்கள்.
சிம்முக்குக் காசு
ஒவ்வொரு வாரம் ஒரு கூடையிலிருந்து.

மூன்றாம் மாடியில், தண்ணீர்க் கேனுக்குப் பின்னால்,
செருப்புப் பெட்டி அளவில் ஓர் எந்திரம்
பச்சையாகக் கண் சிமிட்டுகிறது.
முடிதிருத்தும் கம்பெனிக்காரர்கள்
பக்கத்துக் கம்பெனியுடையது என்று நினைக்கிறார்கள்.
பக்கத்துக் கம்பெனி, இவர்களுடையது என்று.

மாதக் கடைசியில் கட்டடக்காரர் நோட்டைப் புரட்டுவார்.
இது என்ன, மாதம் ஒன்பது லிட்டர்?
மாடிப்படி விளக்கு, ஐயா.

அவர் தலையாட்டிவிட்டு
இருட்டில் கைப்பிடியைத் தடவித் தடவி
மேலே ஏறிப் போகிறார்.