ரீல் பதினொன்று, பகுதி நான்கு

கூரியர்காரன் ஹொசக்கோட்டையில் இருக்கிறான் என்றது ஃபோன்.
காலையிலும் அங்கேதான் இருந்தான்.
அதற்குள் எபினேசர் மூன்று முறை கேட்டுவிட்டார்,
"டின் ஃபேக்டரி தாண்டிட்டானா?"

பன்னிரண்டு நாள் ஓடிய படம்.
பதின்மூன்றாம் நாள் சிவாஜிநகர் கொட்டகையில்
போஸ்டர் மேல் வேறு போஸ்டர்.
கேசட்டில் வந்தவை நாலு பாட்டு.
நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது பாட்டை அல்ல,
யாரோ கதவைத் திறக்கும்போது வரும்
அந்தக் கிளாரினெட்டை.
வசனத்துக்கு அடியில், மழைக்கு அடியில்,
நாயகனின் அப்பா இருமுவதற்கு அடியில்
காதை வைத்து
முப்பத்தெட்டு வருடம்.

இப்போது முழுசாக வருகிறதாம்.
இரண்டு வட்டு, நாற்பத்தியொரு துண்டு
என்று தெரிந்த அன்று ரெஹானா
நோயாளியின் வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு
பல் ஆஸ்பத்திரிக்கு வெளியே வந்து ஃபோன் செய்தாள்.
"ரயிலுக்கு முன்னாடி வர்றது மூணு நிமிஷமாம்டி.
நமக்குத் தெரிஞ்சது நாப்பத்தோரு செகண்ட்!"
நான் சில்க் போர்டு சிக்னலில் இருந்தேன்.
பச்சை விழுந்ததற்கு
வாழ்க்கையில் முதல்முறை வருத்தப்பட்டேன்.

ஐந்தரைக்கு வந்தது பெட்டி.
குப்புராஜ் பிளேடை நம்பாமல் நகத்தால் பிரித்தார்.
பிறகுதான் உறைத்தது,
நாலு பேர் வீட்டிலும்
வட்டைச் சுழற்ற ஒன்றுமே இல்லை.
என் மடிக்கணினிக்கு வாயே கிடையாது.

எபினேசரின் பழைய சாண்ட்ரோவில் இருந்தது.

அல்சூரில், தரைக்குக் கீழே இரண்டாம் தளத்தில்,
ஓடாத காரில் உட்கார்ந்தோம்
ஊருக்குக் கிளம்புகிறவர்கள் போல.
ரெஹானா சீட் பெல்ட்கூடப் போட்டுக்கொண்டாள்.

முதலில் ஓர் ஆள் கனைத்தார்.
நாற்காலி ஒன்று இழுபட்டது.
"ஒன், டூ"
ஐம்பது பேர் மூச்சை உள்ளிழுத்தது கேட்டது.

அந்தக் கிளாரினெட்
கதவைத் திறந்ததோடு நிற்கவில்லை.
உள்ளே போனது. கூடத்தைத் தாண்டி,
அடுப்படியில் கொஞ்சம் தயங்கி,
கொல்லைப்பக்க வெயிலில் போய் உட்கார்ந்தது.
"இத்தனை வருஷமா நாம வாசல்லயே நின்னிருக்கோம்"
என்றார் குப்புராஜ்.
அவர் வங்கி ஆடிட்டர். இப்படியெல்லாம் பேசுகிறவர் அல்ல.

உள்விளக்கைப் போட்டு
கையேட்டின் கடைசிப் பக்கத்தை வாசித்தாள் ரெஹானா.
வயலின்: துரைசிங்கம், வேணுகோபால்,
பெரிய அந்தோணி, சின்ன அந்தோணி...
செல்லோ: மெர்சி.
மெர்சி என்று ஒருத்தி இருந்திருக்கிறாள்!
கைதட்டினோம்.
சாண்ட்ரோவில் கைதட்டினால் முழங்கை இடிக்கும்.

இரண்டாம் வட்டின் கடைசித் துண்டு.
ரீல் பதினொன்று, பகுதி நான்கு.
பக்கத்தில் சின்ன எழுத்தில்: பயன்படுத்தப்படாதது.
"பதினோராம் ரீல்ல மூணு பகுதிதானே?"
எபினேசருக்குத் தெரியாத நொடி அந்தப் படத்தில் இல்லை.
அவள் பஸ் ஏறுவாள். பஸ் போய்விடும். படம் முடியும்.

படத்தில் தேய்ந்து தேய்ந்து மறையும் பஸ்ஸின் தபேலா
இதில் வளர்ந்து வளர்ந்து வருகிறது.
நிற்கிறது.
கிளாரினெட்.
கதவு.

கொஞ்ச நேரம் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"இறங்கிட்டா" என்றாள் ரெஹானா.
"இல்ல, அவன் கனவு காண்றான்" என்றார் எபினேசர்.
"கனவுன்னா வீணை வந்திருக்கும்."
"எடுத்துட்டாங்களே, அப்ப அவ வரலன்னுதானே அர்த்தம்?"
"எடுத்தது யாரு? அவளா எடுத்தா?"
கடைசியாகக் கத்தியது நான்.

சண்டையில் கண்ணாடி நாலும் ஆவி படிந்துவிட்டன.
எபினேசர் பதில் சொல்லாமல்
அந்த ஒரு துண்டை மட்டும் மறுபடி போட்டார்.
பிறகு இன்னொரு தரம்.

காவலாளி பீரேன் வந்து தட்டினான்.
குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தவன்
யாராவது செத்துப் போய்விட்டார்களா
என்று இந்தியில் கேட்டான்.

"நஹீ" என்றார் எபினேசர், மூக்கைத் துடைத்தபடி.
"ஆ கயீ. வந்துட்டா."

பீரேன் பின்சீட்டில் டார்ச் அடித்து
எங்களை
இன்னொரு முறை எண்ணினான்.