கடி அச்சு

ஆரம்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால்
மாடி அறையில் பகலெல்லாம் பல் செய்கிறேன்.
மேலே பதினாலு, கீழே பதினாலு.
தடாவிலிருந்து வருகிற வாய்க்கும்
கும்மிடிப்பூண்டி வாய்க்கும் ஒரே நிறம்:
அட்டையில் ஏ-மூன்று,
கொஞ்சம் டீ குடித்த வெள்ளை.

இரவு ஒன்பதுக்கு மேல்
அதே மேஜை, அதே மோட்டார்,
பல்லே வேண்டாத ஒரு வாயைக் குடைகிறேன்.

பால்சா. பொம்மை விமானம் செய்கிறவர்கள் வாங்கும் கட்டை.
பாரிமுனைக் கடைக்காரர் அளந்துகொண்டே கேட்டார்,
"பறக்கவா?"
"மிதக்க."

அக்ரிலிக் எதிர்த்து நிற்கும், அந்த எதிர்ப்பில் கை நிதானமாகும்.
இது விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது.
ஒரு மூச்சு கூட அழுத்தினால்
வாய் முதுகு வழியாக வெளியே வந்துவிடும்.

முதல் பாப்பர் மல்லாந்து மிதந்தது.
இரண்டாவது மூக்கைத் தண்ணீரில் நட்டுக்கொண்டது.
மூன்றாவதன் வயிற்றைக் கீறி, முள்ளின் தண்டை இறக்கி,
நூல் சுற்றி, எபாக்சி பூசினேன்.
காயும்வரை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்,
இல்லாவிட்டால் ஒரு பக்கக் கன்னம் வீங்கிவிடும்.
டேபிள் ஃபேனில் செருகிச் சுற்றவிட்டேன்.
இன்னும் சுவரில் இருக்கிறது அந்த எபாக்சி.
நாலாவதுக்கு, மூடிப்போன கிரில் சிக்கன் கடையின்
மோட்டார் கிடைத்தது.
கோழிக்குச் சரியான வேகம்தான் இதற்கும்.

வாலுக்கு பாபாவலி கடைச் சேவலின் கழுத்துச் சிறகு.
காலுக்கு, பல்லைச் சுற்றிக் கட்டும் பச்சை ரப்பர் தாள்,
நூல்நூலாக நறுக்கியது.
கண்ணுக்கு என் நெயில் பாலிஷ்.

சனிக்கிழமை நரசிம்முலு வந்தார்.
செட்டை மாட்டினார். கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.
"நொப்பி லேதும்மா," என்றார்,
"ஆனா இது என் சிரிப்பு இல்ல."
கழற்றி, கைக்குட்டையில் சுற்றி
என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு விடியலில் ஏரி முழங்காலளவு.
மாநில எல்லை தண்ணீருக்குள் எங்கோ ஓடுகிறது.
படகுக்கார எத்திராஜுக்குத் தெரியும்,
எந்தக் கம்புக்கு அப்பால் வலை போட்டால்
திட்டு தெலுங்கில் வரும் என்று.
நாங்கள் கம்புக்கு இப்பால் நின்றோம்.
ஃப்ளை ராடில் எறிவது தூண்டிலை இல்லை, கயிற்றை.
கயிறு தலைக்கு மேல் நீண்டு, மடங்கி, நீண்டு
பாப்பரைக் கம்புக்கு அப்பால் போட்டது.

ஒரு சின்ன இழுப்பு.
குழிந்த வாய் தண்ணீரை வாங்கித் துப்பியது:
ப்ளக்.
கன்னத்துக்குள் விரலை விட்டுச் சுண்டி எடுத்த மாதிரி.
எத்திராஜ் பீடியை வாயிலிருந்து எடுத்தான்.
வளையம் கலையும்வரை பொறுத்தேன்.
இன்னொரு ப்ளக்.
மூன்றாவதுக்குத் தண்ணீர் உடைந்தது.
ராடு வளைந்தது, உடனே நிமிர்ந்தது,
கயிறு தளர்ந்து என் காலைச் சுற்றியது.

"போச்சு," என்றான் எத்திராஜ். "சீலா."

கையில் எடுத்துப் பார்த்தேன்.
பெயின்ட்டைத் தாண்டிக் கட்டைக்குள்
மேலே இரண்டு ஆழக் குழி,
கீழே வரிசையாகப் புள்ளிகள்,
இடப்பக்கம் மட்டும் ஒரு புள்ளி இல்லை.

மெழுகுத் துண்டை வாயில் கொடுத்து
"அழுத்திக் கடிங்க, அப்படியே இருங்க" என்போம்.
யாரும் அப்படியே இருப்பதில்லை.
சிரிப்பார்கள், எச்சில் விழுங்குவார்கள், தாடை நழுவும்.
பதினோரு வருஷத்தில்
இவ்வளவு சுத்தமான கடி எனக்குக் கிடைத்ததில்லை.

திங்கட்கிழமை நரசிம்முலு வீட்டுக்குப் போன் செய்தேன்,
சிரிக்கிற பழைய போட்டோ இருக்கிறதா என்று.
மகள் ஒன்றே ஒன்று அனுப்பினாள்:
பஸ் ஜன்னல், பாதி முகம் வெயிலில்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
மேலே முன்பல் ஒன்று
பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறி உட்கார்ந்திருந்தது.

செட்டிலிருந்து அந்தப் பல்லை எடுத்து
அரை மில்லி கோணலாக வைத்தேன்.
டாக்டர் பார்த்தால் கேட்பார்.
மேஜையின் அந்த ஓரத்தில்
ஐந்தாவது பாப்பர் சுற்றிக்கொண்டிருக்கிறது,
இன்னும் கண் வைக்கவில்லை.