ஊதுகுழல்

சனிக்கிழமை எட்டு மணி.
சாட்ஸ்வர்த்தில் மின்சாரம் போன நேரம்.
கராஜின் நடுவே இஸ்திரிப் பலகை,
அதன்மேல் ஒரு ராஜ்ஜியம்:
சாயம் பூசிய அட்டைக் கோட்டை, மூன்று பூதம்.
டிராகன் இன்னும் தபாலில் வரவில்லை,
அதுவரை ஒரு ரப்பர் பல்லி.

ஆங்கிலத்தில்தான் ஆடுகிறோம்.
தாயம் காலை வாரினால் வசவு மட்டும் தமிழில்.
ஆட்டத்தை நடத்துகிறவள் நான்.
மழை எப்போது, சாவு யாருக்கு என்பதெல்லாம்
என் அட்டைத் தடுப்புக்குப் பின்னால்.

"என் வீரனுக்கு ஒரு துப்பாக்கி வேணும்"
என்றான் நிவாஷன்.

பத்தொன்பது வயது. ஆதாரங்களோடு வந்திருந்தான்.
தலைமுதல் கால்வரை மூடும் இரும்புக் கவசமும்
வெடிமருந்தும் ஒரே நூற்றாண்டில் உலவியவையாம்.
கோட்டைச் சுவரைப் பீரங்கி தொட்ட பிறகும்
வாள்கள் உறைக்குள் போய்விடவில்லையாம்.
பல்லி நெருப்புக் கக்கலாம்,
ஒரு குழாய் கக்கக் கூடாதா?

"கூடாது" என்றான் சாக்ரன்.

ஆயுதக் காவல் வண்டி ஓட்டுகிறவன்.
வேலை முடித்து நேரே வந்தவன்
இடுப்பில் இருந்ததைக் கழற்றி
பழைய ஃபிரிட்ஜின் மேல்
ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தான்.
நாங்கள் ரொட்டிப் பெட்டியை மட்டும் பார்ப்பவர்கள்.

"பறக்கிற பல்லியை நம்புறேன்.
காது நீண்டவங்க முந்நூறு வருஷம் வாழறதை நம்புறேன்.
போன மாசம் நான் செத்தேன், ஞாபகம் இருக்கா?
பூதம் கோடாலியால பிளந்தது.
கோயில்ல ஐந்நூறு பொற்காசு கட்டி
எழுப்பிக் கூட்டி வந்தீங்க.
எழுந்தேன். சமோசா தின்னேன்.
சுட்டிருந்தா
எழுந்திருக்க மாட்டேன் தம்பி.
எத்தனை காசு கட்டினாலும்.
என்னால அதை ஆட முடியாது."

தண்டேகா ராஜ்ஜியத்தில் சூனியக்காரி,
பகலில் கணக்குத் தணிக்கை.
"துப்பாக்கி வந்தால் ஈட்டியின் காலம் முடிந்தது
என்கிறது உங்கள் விதிப்புத்தகம்.
இங்கிருந்து சில மணி நேரம் காரில் போனால்
இசாண்ட்ல்வானா மலை.
ஈட்டிகள் ஜெயித்த பகல் ஒன்று அங்கே கிடக்கிறது.
பழைய துப்பாக்கியும் ஈட்டியுமாக ஓடியவர்களும் உண்டு."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"நான் உன் பக்கம் இல்லை.
அந்தப் பகலுக்கு அடுத்த பகல்கள் வேறு.
இடைக்காலம் யாருக்கு, எப்போது முடிந்தது?
அதை முதலில் எழுது."

அப்போது ஹைவேயின் பக்கம்
இரண்டு சத்தம்.
கொஞ்சம் விட்டு
இன்னொன்று.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது.
சாக்ரனின் உதடுகள் எண்ணின.
நாலாவது வருமா என்று காத்திருந்துவிட்டு
"பட்டாசு" என்றான்.
பட்டாசு என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம்.
சாய்ந்த மெழுகுவர்த்தியை யாரோ நிமிர்த்தினார்கள்.

தீர்ப்பு என்னுடையது. தொண்டையைச் செருமினேன்.

நனைந்துகொண்டே சத்திரத்துக்குள் வருகிறீர்கள்.
அடுப்படியில் ஒருத்தி கஞ்சி வைக்கிறாள்.
அவள் கையில் நீளமான இரும்புக் குழல்,
அடியில் உளுத்த மரக்கட்டை,
ஓரத்தில் துருவேறிய சின்னக் கொக்கி.
ஆற்றில் கிடைத்தது. எந்த ஊர்ச் சாமான், தெரியாது.
அடைத்திருந்த முனையைக் கொல்லன் அறுத்துக் கொடுத்தான்.
வாய் வைத்து ஊதுகிறாள்.
ஈர விறகு புகைந்து, புகைந்து,
பற்றிக்கொள்கிறது.

நிவாஷனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.
"அதை எனக்குத் தா என்று கேட்கிறேன்."

உருட்டு என்றேன்.
இருபது முகத் தாயம் கோட்டையில் மோதி
பல்லியின் வாலருகே நின்றது. பதினேழு.

"கஞ்சி வெந்ததும் தருகிறாளாம்."

"எப்போ வேகும்?"

"பழைய அரிசி" என்றேன்.

சாக்ரன்தான் முதலில் சிரித்தான்.
சிரிப்பின் நடுவே விளக்குகள் வந்தன.
ஃபிரிட்ஜ் ஒரு குலுங்கு குலுங்கி
உறும ஆரம்பித்தது.
அதன் தலையில் ஏதோ
ஒரு நூலளவு நகர்ந்து, தகரத்தில் உரசியது.

நாங்கள் ரொட்டிப் பெட்டியைப் பார்த்தோம்.