இதரச் செலவு

நவம்பர் இரண்டாம் செவ்வாய்,
தீயணைப்பு நிலையம்.
வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
உள்ளே மேசை போட்டிருக்கிறோம்.
தரையில் இன்னும் டீசல் வாசனை.

ப்ரெக்கெ கிராமம், வடக்கு விஸ்கான்சின்.
அறுநூற்றுப் பன்னிரண்டு தலை,
ஏழு மைல் தெரு.
தெருவுக்கென்று இந்த ஆண்டு
அறுபத்து நாலாயிரத்து முந்நூறு டாலர்.
நான் எழுத்தர்.
எண்ணுக்குக் கமா போடுவதும்
கூட்டத்துக்குக் காப்பி போடுவதும் என் வேலை.

முதலில் உப்பு.
எப்போதும் உப்புதான் முதலில்.
போன ஆண்டைவிட டன்னுக்கு ஒன்பது டாலர் கூட.
"ஆற்றில் கொட்டுகிற மாதிரி" என்றார் லைல் பொகோர்னி.
"கொட்டினாலும் அளந்துதான் கொட்டுகிறேன்"
என்றார் ஆரின் ட்வெய்ட்,
கதவோரம் நின்றபடி, தொப்பியைக் கழற்றாமல்.
இந்த ஊருக்கு உப்பிட்டவர் அவர் ஒருவர்தான்,
விடிகாலை மூன்று மணிக்கு இட்டவர்.
உள்ளளவும் நினைப்பார் யாருமில்லை.
பனி விழாத வாரத்தில்
அவருக்குச் சம்பளம் எதற்கு என்று
கேட்கத்தான் நினைவு வரும்.

பிறகு பனி வாரும் லாரியின் பம்பு.
மில் தெருவுக்கு அடியில் துருப்பிடித்த குழாய்.
விளக்குக் கம்பங்களுக்கு மின்சாரம், விரிசல்களுக்கு மெழுகு.
பந்திக்கு முந்தியவர்கள் எழுந்தபோது
இலையில் மிஞ்சியது பதினாலாயிரத்து ஐந்நூறு.
முந்நூறு அடிக்குத் தார் போடலாம்:
சர்ச் தெருவில் முந்நூறு அடி,
அல்லது குவாரி தெருவில்.

ஆளுக்கு நூற்றைம்பதாகப் போடலாமே
என்றார் ஆர்டிஸ் நிமோயன்.
இயந்திரம் இரண்டு முறை வந்தால்
இரண்டு வாடகை என்று ஆரின் சொன்னதும்
கையிலிருந்த பிஸ்கட்டை இரண்டாக உடைத்து
இரண்டையும் அவரே தின்றார்.

பொதுமக்கள் கருத்துக் கேட்கும் நேரம்.
பொதுமக்கள் என்பது அன்று
இல்டா கூச்செக் மட்டும்.
குவாரி தெரு, கடைசி வீடு.
துணிப்பையிலிருந்து
உடைந்த சுருள்வில் ஒன்றை எடுத்து
மேசை நடுவில் வைத்தார்.
அவர் காரின் முன்சக்கரத்தில் இருந்தது.
கறுத்த இரும்பு;
ஒடிந்த முனை மட்டும்
புதுக்காசு போல மினுங்கியது.
"மூன்று நிமிடம் உண்டு உங்களுக்கு" என்றார் தலைவி வெர்னா.
"அவ்வளவு வேண்டாம்" என்றார் இல்டா,
"நானூற்று எழுபது டாலர் ஆயிற்று."

தாள்களுக்கு இடம் வேண்டி
யாரோ அதை ஓரமாக நகர்த்தினார்கள்.
சர்ச் தெருவுக்கு மூன்று கை, குவாரிக்கு இரண்டு.
நியாயம்தான்.
சர்ச் தெருவில் பள்ளி வண்டி போகிறது,
ஆம்புலன்ஸ் போகிறது,
மூன்று உறுப்பினர்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.
கடைசி வரியை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை.
எழுதியது:
பொதுமக்கள் கருத்து ஒன்று. பெறப்பட்டது.

வில்லைத் திருப்பிக் கேட்டு அவர் வரவில்லை.
ரசீதுகள் பறக்காமலிருக்க
என் மேசையில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் நிலம் இளகியது.
குளிர்காலம் முழுக்கத் தாரைத் தூக்கிப் பிடித்திருந்த பனிக்கட்டி
சொல்லாமல் கொள்ளாமல் கையை எடுத்துவிட்டது.
குவாரி தெருவில், மேப்பிள் மரத்துக்கு எதிரே,
குளியல் தொட்டி அகலத்துக்கு ஒரு குழி.
ஒரு காலை அதைச் சுற்றி வெள்ளை வட்டம்.
தடிமனாக,
முகப்பு விளக்கில் பளிச்சிடும்படி,
கை நடுங்காதவர் போட்ட வட்டம்.
அன்றிலிருந்து வண்டிகள் விலகிப் போகின்றன.
யார் போட்டது என்று ஊரில் தெரியாது.

எனக்குத் தெரியும்.
மே மாத ரசீதுகளில் ஒன்று:
வெள்ளை பெயின்ட், ஒரு டப்பா,
பதினோரு டாலர் நாற்பத்தொன்பது சென்ட்.
கீழே ட்வெய்டின் கையெழுத்து.
உப்பில் சேர்க்க முடியாது. தாரில் முடியாது.
கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்தேன்.
பிறகு எழுதினேன்: இதரம்.

ஜூனில் வந்த தணிக்கையாளர்
சரியாக அங்கேதான் விரலை வைத்தார்.
"இது என்ன?"
"சாலைக் குறியீடு."
"எந்தச் சாலை?"

வில்லைத் தூக்கி
அடுத்த ரசீதை எடுத்து
அவரிடம் நீட்டினேன்.