நிழல் என்பதற்கு

ஃபீனிக்ஸ் சமூகக் கூடத்தின் பின்னறையில்
வியாழன்தோறும் பத்து மணிக்கு.
எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஐந்து ஆள்.
மணிக்கு நூற்றெண்பது ராண்ட் எனக்கு,
ஒரு வாயிலிருந்து எடுத்து
இன்னொரு காதில் வைப்பதற்கு.
வைத்ததும் நான் அங்கே இல்லாதவள் ஆகிவிட வேண்டும்.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.

டாக்டர் ஃபெர்ஸ்டர் ஆங்கிலத்தில் தொடங்குகிறார்:
நம்மிடமிருந்தே நாம் ஒளித்துவைத்திருக்கும் ஆளுக்கு
நிழல் என்று பெயர்.
எல்லா மக்களுக்கும் உண்டு.
எந்த மொழியில் கனவு கண்டாலும்
பின்னாலேயே வரும்.
சொல்லிவிட்டு ரூயிபோஸ் டீயை ஊதுகிறார்.
அவருக்கு எளிது.

தேவராஜ் படையாச்சிக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும்.
சர்க்கரை ஆலையில் முப்பது வருடம்
அதில்தான் கணக்கு எழுதினார்.
வீட்டில் அதில்தான் பிள்ளைகளைத் திட்டினார்.
கடைகள் எரிந்த அந்த ஜூலையைப் பற்றி மட்டும்
தமிழில்தான் பேசுவேன் என்கிறார்,
கல்யாணப் பத்திரிகையிலும் காவடிப் பாட்டிலும்
மிச்சமிருக்கிற அந்தக் கொஞ்சம் தமிழில்.
தாய்மொழி என்று பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்.
பதுங்குகுழி என்று எழுதியிருக்கலாம்.
எதிர் நாற்காலிக்கு அது புரியாது.

நிழல் என்றேன் அவரிடம்.
"நல்லதுதானே" என்றார்.
நமக்கு நிழல் என்றால் ஒதுங்க ஓர் இடம்;
அதன் அருமை வெயிலில் தெரியும்
என்று சொல்லிப் பழகியவர்கள்.

எதிர் நாற்காலியில் தோபெகிலே.
ஜூலுவில் இரண்டு சொல் உண்டு.
மரத்தடியில் கிடப்பது உம்துன்சி.
மனிதனோடு வருவது இசிதுன்சி:
ஒருவர் உள்ளே நுழைந்ததும்
அறையே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருமே, அது.
நான் இரண்டாவதைச் சொன்னேன்.
இல்லையென்று தலையாட்டினாள்.
"அதை யார் ஒளித்துவைப்பார்கள்?
என் தம்பியிடம் அந்தத் தடுப்பில் பறித்தது அதைத்தான்.
ரொட்டி வாங்கப் போனவனை வண்டியிலிருந்து இறக்கி
ரோட்டில் உட்காரவைத்தார்கள், கை இரண்டும் தலைமேல்.
திரும்பி வந்தான். சாப்பிடுகிறான்.
அது மட்டும் வரவில்லை."

இதைத் தமிழுக்கு எடுத்துவந்தேன்.
மரியாதை என்று சொல்லிப்பார்த்தேன், போதவில்லை.
மானம் என்றேன், கூடிவிட்டது.
படையாச்சி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கனவைச் சொன்னார்.
தூரத்தில் கரும்புக்குத் தீ வைத்திருக்கிறார்கள்.
தடுப்பில் டயர், பழைய மெத்தை, மேலே தெருவிளக்கு.
எல்லாருடைய நிழலும் நீளமாக ரோட்டில் கிடக்கிறது,
உட்கார்ந்திருக்கிறவனுடையதும்.
"குனிஞ்சு பாத்தா எனக்கு மட்டும் இல்லம்மா.
கால் இருக்கு. கைல கோல்ஃப் மட்டை இருக்கு.
நிழல் இல்ல."

ஆங்கிலத்தில் சொன்னேன், வார்த்தைக்கு வார்த்தை.
டாக்டர் குறித்துக்கொண்டார்: மறுக்கிறார்.

ஜூலுவுக்குத் திரும்பும்போது நாக்கு நின்றது.
மரத்தடிச் சொல்லைப் போட்டு
அவரைத் தப்பவிட்டிருக்கலாம்.
அந்த இரவு நானும் இந்த ஊரில்தான் இருந்தேன்,
தடுப்பிலிருந்து மூன்றாம் வீட்டில்,
விளக்கை அணைத்து,
திரைச்சீலையை இரண்டு விரல் விலக்கி.
ஒருவரையும் கூப்பிடவில்லை,
மூன்று மொழியிலும்.

இசிதுன்சி இல்லை என்கிறார், என்றேன்.

கெட்டில் கொதித்துத் தானே அடங்கியது.
தோபெகிலே முதல் தடவையாக அவரைப் பார்த்தாள்,
என் தோளைத் தாண்டி,
ஒப்பந்தத்தில் இருப்பதுபோல்.
கேட்டது இரண்டே சொல்.
அங்கே நின்றாயா.

தமிழுக்கு வாயெடுத்தேன்.
அவர் என் பக்கம் திரும்பவில்லை.
முப்பது வருடம் ஆலையில் கேட்ட மொழி.
"யெபோ" என்றார்.

ஆமாம் என்பதற்கு.