நான்கெல்லை

இரண்டு வருஷமாக ஞாயிறு என்றால்
மனை பார்ப்பதுதான்.
கூத்தப்பாக்கம், செம்மண்டலம், பாதிரிக்குப்பம்,
கல் நட்டுக் கொடி கட்டிய தரிசெல்லாம்
என் வண்டிச் சத்தம் அறியும்.

புரோக்கர் ஞானவேலு நல்ல மனுஷன்.
டீ சொல்லிவிட்டுத்தான் பேசுவார்.
'சாருக்கு எந்த ஊரு?'
பண்ருட்டிப் பக்கம்.
'டவுனா?'
இல்லை, உள்ளே.
'உள்ளேன்னா?'
சொன்னேன்.
'அங்க எந்தத் தெரு?'

இந்த இடத்தில்
வண்டிச் சாவியைத் தேடலாம்,
போன் வந்ததாக நடிக்கலாம்.
நான் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்டேன்.
'நாற்பதடியில இளநி மாதிரி சார்.
கவலைய வுடுங்க, இங்க எல்லாம்
நம்ம ஆளுங்கதான்.'

அந்த 'நம்ம'வுக்குள்
என் இஸ்திரிச் சட்டை இருந்தது,
மின்வாரிய அடையாள அட்டையும் இருந்தது.
நான் மட்டும் வெளியே நின்று
டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

மறுத்துச் சொல்லவில்லை.
அதையும் எழுதிவைக்கிறேன்.

அக்காவுக்கு வேறு கணக்கு.
'கெடிலக்கரையில எங்க பக்கத்துலயே கட்டுடா,
பாதி விலை.'
பாதி விலைதான்.
ஐப்பசி பிறந்தால் பாதிச் சுவர் தண்ணீர்.
போன வெள்ளத்தில் பீரோ
தானே மிதந்து வாசலுக்கு வந்து நின்றதை
சிரித்துச் சிரித்துச் சொல்வாள்.
அங்கே யாரும் தெரு கேட்க மாட்டார்கள்.
மதிக்குக் காய்ச்சல் என்றால்
மூன்று வீட்டிலிருந்து கஞ்சி வரும்.
ஆனால் ராத்திரி பதினொன்றுக்கும் ஒலிபெருக்கி என்று
நானே ஒருநாள் முகம் சுளித்தேன்.
சுளித்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன்.
அலுவலகத்தில்,
என் மேசையைக் கடக்கும்போது.

குணவதி நோட்டில் எழுதினாள்:
பள்ளி பஸ் நிற்கும் இடம். வடிகால். தெருவிளக்கு.
கீழே அடிக்கோடிட்டு ஒரு வரி:
'பாப்பாவை வீட்டுக்குள்ள கூப்பிட்டு விளையாடுவாங்களா,
கேட்டோடயா?'
அதற்கு நேரே எந்த மனைக்கும்
எதுவும் நிரப்பவில்லை.

கடைசியில் பேங்க் ஊழியர் காலனி, பதினேழாம் மனை.

காலனி.
எங்கள் ஊரிலும் இதே சொல்தான்.
அங்கே அதன் முன்னால் எதையும் சேர்க்க மாட்டார்கள்,
தார் ரோடும் அதற்கு முன்பே முடிந்துவிடும்.
இங்கே காருக்கு உறை, கேட்டில் 'நாய் ஜாக்கிரதை'.
புது முகவரி எழுதிப் பார்த்தபோது
பேனா அந்தச் சொல்லில்
கொஞ்ச நேரம் நின்றது.

நீலக் கோட்டுப் படத்தை எங்கே மாட்டுவது?
இரண்டு இரவு இதிலேயே போனது.
ஹாலில் என்றால்
பால் காய்ச்ச வருகிறவர்கள் பார்ப்பார்கள்.
படுக்கையறையில் என்றால்
அவர் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு.
எழுத்தர் உரக்க வாசித்தார்:
'அம்மாசி குமாரர் எழிலரசு ஆகிய தங்களுக்கு...'
அம்மாசி என்றதும்
எதிர் பெஞ்சில் பதினெட்டாம் மனைக்காரர்
செய்தித்தாளை மடித்தார்.
படித்து முடித்திருக்கலாம்.
ஞானவேலு என்னைப் பார்த்தார்,
கமிஷனை எண்ணினார்,
இன்னொரு தரம் என்னைப் பார்த்தார்.

பிறகு நான்கெல்லை.
'பதினெட்டாம் எண் மனைக்குத் தெற்கு,
இருபதடி ரோட்டுக்கு மேற்கு,
பதினாறாம் எண் மனைக்கு வடக்கு,
வாய்க்காலுக்குக் கிழக்கு,
இதன் மத்தியில்...'

மத்தியில்.
சர்க்கார் தாளில் எனக்கு அப்படி ஓர் இடம்
இதுவரை வாய்த்ததில்லை.

அப்போதுதான் உறைத்தது.
அவர் நாளைக்கு விற்றாலும்
மகன் பேருக்கு மாற்றினாலும்
யாரோ ஓர் எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
எல்லோர் காதிலும் விழ
வாசித்தாக வேண்டும்:
'அம்மாசி குமாரர் எழிலரசு மனைக்கு வடக்கு.'

அப்பா கேட்டிருந்தால்
'வட்டி எவ்வளவுடா?' என்றிருப்பார்.

வெளியே நல்ல வெயில்.
காம்பவுண்டுச் சுவர் எத்தனை அடி எழுப்பலாம்
என்று கேட்டாள் குணவதி.
மேஸ்திரி ஆறடி என்கிறார்.
மதியின் உயரம் மூன்றே முக்கால்.
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.